ஏடிஎச்டிக்கு மாத்திரை எடுப்பதா வேண்டாமா: எதை எதோடு வைத்துப் பார்ப்பது?

ஏடிஎச்டி (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் உள்ள குறைபாடு) என்று உறுதியான பிறகு, "மாத்திரை ஆரம்பிக்கலாமா?" என்று மருத்துவர் கேட்பார். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தவர் பெரும்பாலும் இரண்டு விஷயங்களை எதிரெதிரே வைத்துப் பார்ப்பார். ஒரு பக்கம் மாத்திரை, அதன் பக்கவிளைவுகள், ஒருமுறை தொட்டால் விடமுடியாதோ என்ற பயம். மறுபக்கம் மாத்திரை இல்லாத, ஆபத்தே இல்லாத ஒரு வாழ்க்கை. இந்த மறுபக்கம்தான் பலரைத் தடுமாற வைக்கிறது. மாத்திரை எடுக்காவிட்டால், இப்போது நடந்துகொண்டிருக்கிற வாழ்க்கை அப்படியே தொடரும். அதற்கும் ஒரு விலை உண்டு, அதைத் தினமும் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். மாத்திரையின் கெடுதலை மட்டும் கூட்டிப் பார்ப்பது பாதிக் கணக்கு.

அந்த விலை ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு மேசை கலைந்து கிடக்கிறது, சாவியைத் தேடிப் பத்து நிமிடம் போகிறது, மற்றபடி வேலை நடக்கிறது. இன்னொருவர் வேலையைத் தக்கவைக்க முடியாமல் மாறிக்கொண்டே இருக்கிறார், வண்டி ஓட்டும்போது அடிக்கடி மயிரிழையில் தப்புகிறார், கட்ட வேண்டிய பணத்தை மறந்து அபராதம் கட்டுகிறார். எட்டு வயதுப் பிள்ளை ஒவ்வொரு நாளும் திட்டு வாங்கி, 'நான் மக்கு' என்று முடிவுகட்டிக்கொண்டிருக்கலாம். மூவருக்கும் நோயின் பெயர் ஒன்றுதான், பதில் ஒன்றாக இருக்க முடியாது.

கவனக்குறைவின் விலை நிஜமானது என்பதற்கு ஒரு பெரிய ஆதாரம் ஸ்வீடனின் தேசியப் பதிவேடுகள். அவற்றை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், ஏடிஎச்டி உள்ள ஆண்களிடையே மருந்து எடுத்தபோது கடுமையான போக்குவரத்து விபத்துகளின் ஆபத்து 58 சதவீதம் குறைவாக இருந்தது. 2012-இல் வந்த இன்னொரு ஆய்வு குற்றங்களைப் பார்த்தது. மருந்து எடுத்த காலங்களில் ஆண்களிடம் குற்ற விகிதம் 32 சதவீதமும் பெண்களிடம் 41 சதவீதமும் குறைந்தது. இவை மக்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், சோதனை முறையில் நடந்தவை அல்ல. அதனால் குறைந்தது முழுக்க மருந்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் மாத்திரை எடுக்காமல் இருப்பதை 'பத்திரமான வழி' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கும் இடமில்லை.

மாத்திரை இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்

முதலில் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தைராய்டு கோளாறு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, இரும்புச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம் ஆகிய எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். இவற்றில் ஏதாவது இருந்தால் அதைக் கவனித்த பிறகு மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை.

மருந்தில்லாத வழிகளில் பிள்ளைகளுக்கு ஆதாரம் வலுவாக இருப்பது பெற்றோர் பயிற்சி. பெயரே சொல்வது போல, பயிற்சி பிள்ளைக்குக் கிடையாது, பெற்றோருக்கு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யச் சொல்வது, செய்தவுடன் பாராட்டுவது, வாரக் கடைசியில் பெரிய பரிசு என்பதற்குப் பதில் அன்றன்றைக்குச் சின்னப் பரிசு, தவறினால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி அதில் மாறாமல் நிற்பது. கேட்க எளிது, மாதக்கணக்கில் செய்வது கடினம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2019 வழிகாட்டுதலில் 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் சிகிச்சை. 6 வயதுக்கு மேல் மருந்தும் பயிற்சியும் சேர்ந்தே பரிந்துரைக்கப்படுகின்றன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதே திசையில்தான் போகிறது. முதலில் சூழலை மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகும் வாழ்க்கையின் ஏதாவது ஒரு பகுதி கணிசமாகப் பாதிக்கப்பட்டால் மருந்தைப் பற்றிப் பேசுங்கள் என்கிறது.

பெரியவர்களுக்கு இருப்பது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. வேலையைச் சிறு துண்டுகளாக்குவது, நாட்காட்டியை நம்பப் பழகுவது, தள்ளிப்போடும்போது மனதில் ஓடும் எண்ணத்தைப் பிடிப்பது என்று போகும். மருந்து எடுத்தும் தொல்லை மிச்சமிருந்த பெரியவர்களிடம் இது பலனளித்ததை 2010-இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. இந்தச் சிகிச்சைக்கு நேரத்துக்குப் போக வேண்டும், கொடுத்த வீட்டுப்பாடத்தைச் செய்ய வேண்டும், சொன்னதை அடுத்த வாரம் வரை நினைவில் வைக்க வேண்டும். இந்த மூன்றும் வராமல்தானே அவர் அங்கே போயிருக்கிறார்! அதனால் கடுமையான பாதிப்பு உள்ளவரிடம் "முதலில் பழக்கங்களை மாற்றிக்கொள், முடியாவிட்டால் மாத்திரை" என்று சொல்வது பல நேரம் அநியாயமாகிவிடுகிறது. பழக்கத்தை மாற்றும் அளவுக்கு நிதானம் கிடைப்பதே மருந்துக்குப் பிறகுதான் என்ற நிலை சிலருக்கு உண்டு.

உடற்பயிற்சியும் தூக்கமும் உதவும். மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவற்றைச் செய்ய வேண்டியதுதான், அதனால் ஒப்பீட்டில் அவற்றைத் தனி வழியாக நான் வைக்கவில்லை. மீன் எண்ணெய் மாத்திரைகளின் பலன் இருந்தாலும் சிறியது. நியூரோஃபீட்பேக் என்று மூளை அலைகளைத் திரையில் காட்டிச் செய்யும் பயிற்சிக்குப் பணமும் நேரமும் நிறையப் போகும். சிகிச்சை யாருக்குத் தரப்பட்டது என்று தெரியாதவர்களை வைத்து மதிப்பிட்டால் அதன் பலன் பெரும்பாலும் காணாமல் போகிறது. மாத்திரைக்குப் பயந்து அதில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊக்கி மருந்துகள்

பெரும்பாலும் முதலில் பேசப்படுவது இந்த வகைதான். மெத்தில்ஃபெனிடேட் ஒரு குடும்பம், ஆம்ஃபெட்டமின் இன்னொரு குடும்பம். புதியவை என்று நினைக்க வேண்டாம். 1937-இலேயே அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, நடத்தைச் சிக்கலுள்ள பிள்ளைகளுக்கு ஆம்ஃபெட்டமின் கொடுத்தபோது படிப்பில் அவர்களுக்கு ஈடுபாடு கூடியதை எழுதிவைத்தார். மெத்தில்ஃபெனிடேட் 1944-இல் முதலில் தயாரிக்கப்பட்டது. ரிட்டலின் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்தது அதுதான்.

'ஏற்கெனவே ஓடிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு ஊக்க மருந்தா?' என்ற கேள்வி நியாயமானது. மூளையின் முன்பகுதிதான் ஒரு வேலையில் நிலைத்து நிற்கவும், வாயில் வந்ததைச் சொல்லாமல் நிறுத்தவும் உதவுகிறது. டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரு வேதிப்பொருட்கள் அங்கே போதிய அளவு இருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். மெத்தில்ஃபெனிடேட் அவை உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. ஆம்ஃபெட்டமின் அதோடு அவை கூடுதலாகச் சுரக்கவும் செய்கிறது. ஊக்கம் பெறுவது பிரேக் போடுகிற பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு சேர்த்து ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 'மாத்திரை போட்டால் அமைதியானால் அது ஏடிஎச்டி' என்பார்கள். 1978-லேயே எந்தக் குறைபாடும் இல்லாத சிறுவர்களிடம் சோதித்துப் பார்த்ததில், அவர்களுக்கும் துறுதுறுப்பு குறைந்து கவனம் கூடியது தெரிந்தது. ஆகவே நண்பனின் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது, அது ஆபத்தும்கூட.

எது எவ்வளவு வேலை செய்கிறது? 133 சோதனைகளைச் சேர்த்து அலசிய ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது. பலனையும் தாங்கும் தன்மையையும் சேர்த்துப் பார்த்தால், சிறுவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட்டும் பெரியவர்களுக்கு ஆம்ஃபெட்டமின் வகையும் முதல் தேர்வு என்று அது முடிவுசெய்தது. அது பேசுவது முக்கியமாகச் சில வாரங்களின் பலனை. பல வருடப் பலனைப் பற்றிய சான்று இவ்வளவு உறுதியானது கிடையாது.

பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எடுக்கிற மாத்திரை மாதிரி, ஆரம்பித்தால் விடவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ஊக்கி மருந்துகள் அப்படி வேலை செய்வதில்லை. சாதாரண மெத்தில்ஃபெனிடேட்டின் வேலை மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். மெதுவாகக் கரையும் வகைகள் 8 முதல் 12 மணி நேரம் வரை நிற்கும். மறுநாள் போடாவிட்டால் அன்றைக்குப் பழைய நிலைதான். பலன் உண்டா இல்லையா என்பதும் சரியான அளவு கிடைத்தவுடன் சீக்கிரமே தெரிந்துவிடும். வாழ்நாள் தீர்ப்பு எழுதுகிற மாதிரி இந்த முடிவை யாரும் சுமக்கத் தேவையில்லை, ஒரு மாதம் பார்க்கலாம் என்பதும் முழுமையான முடிவுதான்.

பக்கவிளைவுகளில் அடிக்கடி வருவது பசி குறைவது. மாத்திரைக்கு முன்பே காலை உணவை முடித்துவிட்டு, வேகம் இறங்கிய பிறகு இரவில் நன்றாகச் சாப்பிட்டால் பலருக்குச் சமாளிக்க முடிகிறது. அடுத்தது தூக்கம். தாமதமாக எடுத்தால் தூக்கம் தள்ளிப்போகும். தலைவலி, வயிற்றுவலி முதல் சில வாரங்களில் வந்து போகலாம். மாலையில் மருந்து இறங்கும் நேரத்தில் எரிச்சலும் அழுகையும் வருவதுண்டு, அளவையோ வகையையோ மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். பிள்ளைகளின் உயரம் விஷயத்தில் பெற்றோரின் கவலைக்கு அடிப்படை உண்டு. தொடர்ந்து எடுத்த பிள்ளைகள் மூன்று வருடத்தில் சுமார் 2 செ.மீ. குறைவாக வளர்ந்ததாக ஒரு பெரிய ஆய்வு கண்டது. அதனால்தான் ஒவ்வொரு சந்திப்பிலும் உயரமும் எடையும் குறிக்கப்பட வேண்டும்.

'பிள்ளை ஜடம் மாதிரி ஆகிவிடுவானா?' என்று கேட்காத பெற்றோர் குறைவு. அப்படி நடந்தால் அது சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்று கிடையாது. அளவு அதிகம் அல்லது அந்த மருந்து அவனுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். சிரிப்பையும் குறும்பையும் பறிக்கிற மருந்து சரியான மருந்தில்லை. உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதயம் பற்றிய பகுதி கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் லேசாகக் கூடும். ஸ்வீடனில் இருந்து 2023-இல் வெளியான ஆய்வில், மருந்து எடுக்கும் ஒவ்வொரு கூடுதல் வருடத்துக்கும் இதய, ரத்தநாள நோய்களின் ஆபத்து சராசரியாக 4 சதவீதம் கூடியது, அதில் முக்கியமானது உயர் ரத்த அழுத்தம். இளம் வயதில் அடிப்படை ஆபத்தே மிகக் குறைவு என்பதால் இந்த 4 சதவீதம் சிறிய எண்ணிக்கையாகவே இருக்கும். நாற்பது ஐம்பது வயதில், ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர் இதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறவியிலேயே இதயக் கோளாறு, காரணமில்லாத மயக்கம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

அரிதாக, இல்லாததைப் பார்ப்பது, சந்தேகப் பிரமை போன்றவை வரலாம். பதின்வயதினரையும் இளைஞர்களையும் வைத்து 2019-இல் வந்த அமெரிக்க ஆய்வில் ஏறக்குறைய 660 பேரில் ஒருவருக்கு இப்படி நடந்தது. ஆம்ஃபெட்டமின் எடுத்தவர்களிடம் இது மெத்தில்ஃபெனிடேட்டைவிட ஏறத்தாழ இரு மடங்கு. வீட்டில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ (அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் நோய்) இருந்தால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எந்த மருந்து என்பதையே அந்தத் தகவல் மாற்றக்கூடும்.

அடிமையாகும் பயம்? சொன்ன அளவில், வாய்வழியாக எடுக்கும்போது மருந்து மெதுவாகத்தான் ஏறுகிறது. சிறுவயதில் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பின்னாளில் போதைப் பழக்கம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பொடியாக்கி உறிஞ்சுவது, பரீட்சைக்காக அளவை மீறுவது, நண்பர்களுக்குக் கொடுப்பது எல்லாம் வேறு கதை. இவற்றால்தான் பல நாடுகளில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். வெளிநாடு போகும்போது அந்த நாட்டு விதியைப் பார்த்துவிட்டே கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

ஊக்கி வகையைச் சேராதவை

இவற்றில் முக்கியமானது அடோமாக்ஸெட்டின். 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று போட்டால் இன்றே தெரியாது, முழுப் பலனுக்கு நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம் பிடிக்கும். சராசரியாகப் பார்த்தால் பலன் ஊக்கிகளைவிடக் குறைவு. ஆனால் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும், மாலையில் இறங்குகிற தொல்லை இல்லை, தவறாகப் பயன்படுத்த ஆசை வராது. போதைப் பழக்கத்தில் இருந்து மீண்டவர்கள், ஊக்கியால் பதற்றமோ தசைத் துடிப்போ கூடியவர்கள், காலை விழித்ததில் இருந்தே கஷ்டப்படுகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். குமட்டல், வாய் உலர்வது, சோர்வு, ஆண்களுக்குப் பாலியல் தொல்லைகள் வரலாம். சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்ற எச்சரிக்கை இதன் மேல் உண்டு, அதனால் முதல் மாதங்களில் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். மிக அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

குவான்ஃபசின், குளோனிடின் இரண்டும் முதலில் ரத்த அழுத்தத்துக்காக வந்தவை. துறுதுறுப்பும் கோபமும் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு உதவும், தூக்கக்கலக்கம் வரும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும், ஆகவே இவற்றை நாமாக நிறுத்தக் கூடாது.

மாத்திரை செய்யாதது

7 முதல் 12 வயது வரையுள்ள 173 பிள்ளைகளை வைத்து ஒரு கோடைகால வகுப்பில் நடத்திய சோதனை 2022-இல் வெளியானது. மெத்தில்ஃபெனிடேட் எடுத்தபோது பிள்ளைகள் அதிகக் கணக்குகளைச் செய்தார்கள், வகுப்பில் ஒழுங்காகவும் இருந்தார்கள். ஆனால் புதிதாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தைக் கற்றுக்கொண்ட அளவில் வித்தியாசம் இல்லை. மதிப்பெண் ஏறும் என்று மட்டும் நினைத்து மாத்திரை தொடங்குகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பெரியவர்களுக்கும் இதே விஷயம் வேறு வடிவில் வரும். மாத்திரை போட்டுவிட்டு கைப்பேசியை எடுத்தால், மூன்று மணி நேரம் கைப்பேசியில் அபார கவனம் கிடைக்கும். மருந்து ஏறும் முன்பே செய்ய வேண்டிய வேலையில் உட்கார்ந்துவிடுவது நல்லது.

நீண்டகாலப் பலனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குறிப்பிடுவது எம்டிஏ என்ற அமெரிக்க ஆய்வை. 7 முதல் 9 வயது வரையுள்ள 579 பிள்ளைகள், 14 மாதச் சிகிச்சை, முடிவு வெளியான ஆண்டு 1999. கவனமாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சி மட்டும் பெற்றதைவிட அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. இரண்டும் சேர்ந்து பெற்றவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. ஆனால் மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் மறைந்துவிட்டது. 'பார், மருந்தால் பயனில்லை' என்று ஒரு சாரார் இதை வாசிக்கிறார்கள். 14 மாதத்துக்குப் பிறகு அந்த நெருக்கமான கண்காணிப்பு நின்றுபோனது, மருந்துக் குழுவில் பலர் விட்டுவிட்டார்கள், மற்ற குழுக்களில் பலர் தொடங்கினார்கள். என் வாசிப்பு இதுதான்: மருந்து எடுக்கிற வரை, அதுவும் அளவைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்கிற வரை உதவுகிறது, குறைபாட்டைக் குணப்படுத்துவதில்லை. மாத்திரைச் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்து ஆறு மாதம் கழித்து வரச்சொல்கிற சிகிச்சையை இந்த ஆய்வின் மருந்துக் குழுவோடு ஒப்பிடவே முடியாது.

பிள்ளைக்காக முடிவெடுக்கும்போது

'சத்து மாத்திரை' என்று சொல்லிக் கொடுக்கிற வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பத்து வயதில் அவனாகக் கண்டுபிடிப்பான், அன்றைக்கு மாத்திரை மேல் மட்டும் இல்லாமல் உங்கள் மேலும் நம்பிக்கை போகும். இது எதற்கு, என்ன செய்யும், என்ன செய்யாது என்று வயதுக்கேற்ற மாதிரி சொல்லலாம். 'உனக்குப் பிடிக்காத மாதிரி ஏதாவது இருந்தால் சொல், மாற்றுவோம்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், பிள்ளை ஏதாவது குறும்பு செய்தவுடன் "இன்றைக்கு மாத்திரை போட்டாயா?" என்று கேட்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நல்லவனாக இருப்பது மாத்திரையின் வேலை, கெட்டது மட்டும்தான் தன்னுடையது என்று அந்தக் கேள்வி அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறது.

பதின்வயதில் பலர் தாங்களாகவே நிறுத்துவார்கள். ஏன் என்று சண்டை போடாமல் கேட்டால், பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கும்: பசி, தூக்கம், நண்பர்கள் முன் போடக் கூச்சம். குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

எடுத்துப் பார்ப்பது என்று முடிவானால்

'கவனம் கூட வேண்டும்' என்பது இலக்கு ஆகாது. அலுவலக மின்னஞ்சல்களுக்கு அன்றே பதில், பள்ளியில் இருந்து வரும் புகார் குறைவது, வாக்குவாதத்தில் கத்தாமல் நிறுத்துவது என்று கண்ணால் பார்க்கக்கூடிய இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மாத்திரை தொடங்கும் முன் ஒரு வாரம் அவை எப்படி இருக்கின்றன என்று எழுதிவையுங்கள். தொடங்கிய பிறகும் அதே தாளில் பசி, தூக்கம், நாடித்துடிப்போடு சேர்த்து எழுதுங்கள். கூட இருப்பவரிடமும் கேளுங்கள், ஏனென்றால் மாற்றம் பல நேரம் அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் படும். மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார். முதல் அளவில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிட வேண்டாம். மெத்தில்ஃபெனிடேட் பொருந்தாதவருக்கு ஆம்ஃபெட்டமின் வகை பொருந்துவதும், அதற்கு நேர்மாறாக நடப்பதும் சகஜம். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாத குரல் கேட்பது, தற்கொலை எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நன்றாக வேலை செய்தாலும், வருடத்துக்கு ஒருமுறையாவது இது இன்னும் தேவையா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் அதே இரண்டு மூன்று இலக்குகளை எழுதி, மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் பெற்றோர் பயிற்சியோ, நடத்தைச் சிகிச்சையோ, எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதை முழுமூச்சாகச் செய்யுங்கள். அந்தத் தேதியில் தாளை எடுத்துப் பாருங்கள். எதுவும் நகரவில்லை என்றால் மறுபடி மருத்துவரிடம் போய்ப் பேசலாம், அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.